பக்கத்து நாற்காலி

 

கல்லூரிச் சாப்ளின்கள் கருத்தரங்கில் தலைமை உரை என்றால் துறையின் வரலாற்றிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் ஒரு ஸ்டேப்ளரிலிருந்து தொடங்குகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு ஆன்மிகத் துணையான குருவாக, அதாவது சாப்ளினாக, இருந்தேன். ஆலயத்துக்குப் பின்னால், வேப்பமரத்தை ஒட்டி என் அறை. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கும் வாரம் வந்தால் மாணவர்கள் ஸ்டேப்ளர் கேட்டு வருவார்கள். அப்படி வந்த ஓர் இரண்டாமாண்டு மாணவன் தாள்களை அடுக்கினான், மேசையில் தட்டிச் சரிசெய்தான், பின் அடித்தான். போகவேண்டியவன் போகவில்லை. அடித்த பின்னை நகத்தால் கழற்றி மறுபடி அடித்தான். மூன்றாம் முறை கழற்றும்போது, தலையைத் தூக்காமல், “ஐயா, அட்டென்டன்ஸ் 75 இல்லேன்னா ஹால் டிக்கெட் தரமாட்டாங்களாமே?” என்றான்.

அப்பா லாரி ஓட்டுநர். விபத்தில் கால் முறிந்து இரண்டு மாதமாகப் படுக்கை. பையன் இரவில் ஒரு பார்சல் கிடங்கில் மூட்டை அடுக்கிவிட்டு விடியற்காலையில் விடுதிச் சுவரோரம் வந்து சேருகிறான். முதல் இரண்டு பீரியட் தூக்கத்தில் போய்விடுகிறது. வீட்டில் ‘ஒழுங்காக வகுப்புக்குப் போகிறேன்’ என்றும், வகுப்பில் ‘காய்ச்சல்’ என்றும் சொல்லிச் சொல்லி, வேலையைவிட அந்தப் பொய்தான் அவனை அதிகம் களைப்பாக்கியிருந்தது.

இதை அவன் வகுப்பாசிரியரிடம் சொல்லியிருக்கலாம். நல்ல மனிதர். ஆனால் வருகைப் பதிவேடு அவர் கையில் இருந்தது. இன்டர்னல் மார்க் துறைத் தலைவர் கையில். அறை வார்டன் கையில். வீட்டுக்கு ஃபோன் போடும் உரிமை அலுவலகத்தின் கையில். என் கையில் ஸ்டேப்ளர் மட்டும்தான் இருந்தது.

நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். ஒரு மாணவரின் மதிப்பெண்ணையோ வருகையையோ விடுதி அறையையோ தொட முடியாத பெரியவர் ஒருவர் வளாகத்துக்குள் இருக்கவேண்டும். அந்த அதிகாரமின்மையில்தான் சாப்ளின் பணி நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அங்கி அணிந்த இன்னொரு அலுவலர்.

சாப்ளின் என்ற சொல்லின் வேரும் ஒரு பாதி மேலங்கியில் இருக்கிறது. தூர்ஸ் நகரத்துப் புனித மார்ட்டின் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக அறுத்துப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு. அந்த அங்கியைப் பாதுகாத்த குருக்களுக்கு வந்த லத்தீன் பெயர்தான் நம் நாவில் சாப்ளின் ஆயிற்று. நம் ஊர்ப் பிள்ளைகள் கத்தோலிக்கக் கல்லூரியில் ‘ஃபாதர்’ என்பார்கள், திருநெல்வேலிப் பக்கம் ‘ஐயா’ என்பார்கள். எதுவானாலும் சரி, கூப்பிடும் தூரத்தில் ஆள் இருக்கவேண்டும்.

அப்படி ஆள் இல்லாமல் போனதன் கதை ஒன்று. 1935இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் ஓர் இளம் குரு தம் முதல் அடக்க ஆராதனையை நடத்தினார். சவப்பெட்டியில் பதினான்கு வயதுச் சிறுமி. மாதவிடாய் வந்ததை ஏதோ பாலியல் நோய் என்று நினைத்துப் பயந்து தன் உயிரை மாய்த்துக்கொண்டவள். கேட்பதற்கு ஓர் ஆள் இல்லாமல் போன குழந்தை. அந்தக் குருவின் பெயர் சாட் வாரா. அந்தக் குழந்தையை அவர் மறக்கவில்லை. 1953 நவம்பரில், லண்டன் நகருக்குள் இருந்த தம் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, சாகத் தோன்றுகிறவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். ஆட்கள் நேரிலும் வரத் தொடங்கினார்கள். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாகச் சில தொண்டர்கள் வெளியறையில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நாளில் வாரா ஒன்றைக் கவனித்தார். வெளியறையில் பேசியவர்களில் பலருக்கு உள்ளே வரவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்கும் பணியை அந்தத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் இயக்கம் அப்படிப் பிறந்தது. அந்த வழியில் வந்த நட்புக்கரம்தான் சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பு.

இதில் என்னை மிகவும் தொட்டது அந்தக் குரு விலகிக்கொண்ட வேகம். உள்ளறையில் எதிரே உட்கார்ந்து அறிவுரை சொல்லும் இடம் அவருக்காகக் காத்திருந்தது. வெளியறையில் பக்கத்தில் உட்காருகிறவர் செய்யும் வேலை அதைவிடப் பெரிது என்று கண்டதும் அதற்கு வழிவிட்டார்.

இங்கே ஒரு தவற்றை ஒப்புக்கொள்ளவேண்டும். ஒரு கல்வியாண்டில் நிர்வாகம் என்னை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் உறுப்பினராக்கியது. இரக்கமுள்ள குரல் ஒன்று அங்கே இருக்கட்டுமே என்று நானும் சம்மதித்தேன். ஒரு நாள் விடுதியில் குடித்துவிட்டுத் தகராறு செய்ததாக ஒரு மாணவனை உள்ளே அழைத்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்புதான் அவன் என் அறைக்கு வந்து, குடியை விடமுடியவில்லை என்று அழுதவன். நீண்ட மேசை. இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேர், எங்கள் முன்னால் ஃபைல். அந்தப் பக்கம் அவன், நாற்காலிகூட இல்லாமல். ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தான். அவன் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் அந்தக் குழுவில் சொல்லியிருக்கவில்லை. அது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் மறுபடி என் அறைக்கு வரவில்லை. அவனுடைய விடுதி வராந்தாவிலிருந்து அந்த செமஸ்டர் முழுக்க ஒருவரும் வரவில்லை. அந்தக் குழுவிலிருந்து விலகினேன். ஆனால் மூடிய கதவு மூடியதுதான். அவன் பட்டம் வாங்கிப் போனான். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

ஆகவே நிர்வாகிகளிடம் கைகூப்பிக் கேட்கிறேன். சாப்ளினை விசாரணை மேசையில் உட்காரவைக்காதீர்கள். பல கல்லூரிகளில் சாப்ளினே நன்னெறி வகுப்பும் எடுத்து, அதற்கு வருகைப் பதிவும் போடுகிறார். வகுப்பை அவர் எடுக்கட்டும். பதிவேட்டை வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது, நாம் மெல்லப் பேசிவிட்டுக் கடந்துபோகும் விஷயம். நம் கிறிஸ்தவக் கல்லூரிகளில் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். இஸ்லாமியப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த நம்பிக்கையும் வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குச் சாப்ளின் யார்? பாட்டி வளர்த்த பெண் ஒருத்தி. பாட்டி இறந்த அன்று அவளுக்குப் பல்கலைக்கழகத் தேர்வு. வீட்டார் தேர்வு முடியும்வரை சொல்லவில்லை. பதினாறாம் நாளுக்கும் போகமுடியாதபடி செய்முறைத் தேர்வு குறுக்கே வந்தது. “நாங்க கும்பிடுறது மாரியம்மன். உங்ககிட்ட வரலாமா ஐயா?” என்று வாசலில் நின்றே கேட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஓர் அகல் விளக்கு ஏற்ற இடம். விடுதி அறையில் தீ கூடாது என்பது விதி, நல்ல விதிதான். வார்டன் அம்மாவிடம் பேசி, மாடி வராந்தாவின் சிமெண்டுத் தரையில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு, அனுமதி வாங்கினோம். அவள் விளக்கேற்றினாள். அறைத்தோழிகள் இருவரும் கூட இருந்தார்கள். நான் கீழே மரத்தடியில் நின்றேன். நான் ஜெபிக்கவில்லையா என்று பிறகு ஒரு சகோதரர் கேட்டார். ஜெபித்தேன், என் மனதுக்குள். அவளுடைய துக்கத்தை என் சமயத்துக்கு வாசலாக்கியிருந்தால் அது திருட்டு. நம்பி வந்தவரின் பலவீனமான நேரத்தில் அவருடைய நம்பிக்கையின்மேல் கைவைக்கக் கூடாது.

பக்கத்தில் இருப்பது என்றால் எப்போதும் உட்கார்ந்தே இருப்பது அல்ல. பிரான்சில் 1914இல் பிறந்து 1937இல் நம் நாட்டுக்கு வந்த இயேசு சபைக் குரு பியேர் செராக், ஐக்கஃப் என்று நாம் சுருக்கிச் சொல்லும் அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் அமைப்புக்குப் பல ஆண்டுகள் வழிகாட்டியாக இருந்தார். தமிழ் கற்றார். மாணவர்களை வேலை முகாம்களுக்கு அழைத்துப்போனார். மானாமதுரைப் பக்கத்து வறண்ட மண்ணில் அவருடைய கிணறு வெட்டும் பணி பலருக்கும் தெரிந்தது. எண்பதுகளில் தாய்லாந்து எல்லையில் கம்போடிய அகதிகளோடு வாழப் போனார். 2012இல் சென்னையில் மறைந்தார். முகாம் நடத்திய எவருக்கும் தெரியும், மண்வெட்டி கையில் இருக்கும்போது பிள்ளைகள் பேசுவார்கள். முகம் பார்க்கவேண்டியதில்லை, இடையில் மௌனம் வந்தாலும் வேலை அதை நிரப்பிவிடும். அறையில் மூன்று மாதம் வராத சொல், சட்டி தூக்கிக் கைமாற்றும் வரிசையில் வந்துவிடும்.

இனி ஆலோசகர்களைப் பற்றி. 2022இல் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. தேர்வில் தோல்வியைக் காரணமாகக் குறித்த மரணங்கள் 2,248. இந்த எண்களை முன்வைத்து 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்கவேண்டும் என்றது. முழுமனதோடு வரவேற்கிறேன். சாப்ளின் இருக்கிறாரே, ஆலோசகர் எதற்கு என்று எந்த நிர்வாகமாவது கணக்குப் பார்த்தால், அந்தக் கணக்குக்கு நம் பெயரைக் கொடுக்கக் கூடாது.

பல நாள் தூங்காத பிள்ளை, காதில் குரல் கேட்கிறது என்கிற பிள்ளை, சாவைப் பற்றித் திட்டத்தோடு பேசுகிற பிள்ளை — இவர்களுக்கு மருத்துவர் வேண்டும், அன்றைக்கே வேண்டும். ஜெபித்தால் போதும், மாத்திரையை நிறுத்து என்று சொல்கிற ஊழியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதைப் பாவம் என்றுதான் நான் சொல்வேன். நம் வேலை, அந்தப் பிள்ளையோடு அரசு மருத்துவமனைக்குப் பஸ் ஏறுவது. ஓபி சீட்டு வாங்கும் வரிசையில் நிற்பது. மனநலப் பிரிவுக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் பெயர் கூப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அந்த இரண்டு மணி நேரத்தை எந்த ஆலோசகரின் அட்டவணையும் தாங்காது. இரவில் ஆளில்லாத நேரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை ஒவ்வொரு விடுதிக் கதவிலும் ஒட்டியிருக்கிறோமா என்று திரும்பிப் போனதும் பாருங்கள்.

இரகசியம் பற்றியும் தெளிவு தேவை. ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’ என்றுதான் எல்லாப் பேச்சும் தொடங்கும். உடனே தலையாட்டிவிடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லவேண்டியிருக்கும், யாரிடம் சொல்வது என்பதை உன்னோடு சேர்ந்து முடிவுசெய்வேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலாண்டில் சேரும் பிள்ளைகள் பலருக்குப் பதினேழு வயதுதான். அவர்களுக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதைத் தெரிவிக்கும் கடமையை நம்மீதும் வைக்கிறது. குற்றவாளி நம் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் அப்படித்தான். அப்போது இன்னும் கண்டிப்பாக.

அந்த லாரி ஓட்டுநர் மகனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் எந்தப் பதிவேட்டையும் திருத்தவில்லை, திருத்தவும் முடியாது. துறைத் தலைவரிடம் தானே சொல்ல அவனுக்குத் துணிவு வர நான்கு நாள் ஆனது. நான்காம் நாள் அவர் அறை வாசல்வரை கூடப் போனேன். அவன் உள்ளே போனான், நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். வருகைக் குறைவுக்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம் என்று வழி பிறந்தது. அந்தப் பணத்தில் பாதியைக் கொடுத்தவர், அவன் கண்டு பயந்த அதே வகுப்பாசிரியர்.

இன்றைக்கு ஒன்பது கட்டுரைகள் வருகின்றன. மூன்று, பணிநியமன விதிகளைப் பற்றியவை. அவற்றை எழுதியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சாப்ளினுக்கு என்ன அதிகாரங்கள் என்று பட்டியல் போட்டிருப்பீர்கள், எவை கூடாது என்றும் ஒரு பக்கம் எழுதிப் படியுங்கள். இரண்டாம் அமர்வில் மாணவர்கள் பேசுகிறார்கள். அவர்கள் கீழே நின்று மேடையைப் பார்த்துப் பேசுவதாக நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி அதை மாற்றியிருக்கிறேன். தேநீர் இடைவேளையில் மேடை நாற்காலிகளைக் கீழே இறக்கி அவர்கள் வரிசையோடு சேர்த்துப் போடுவார்கள். நாற்காலி தூக்க முதலில் வருகிறவர்களில் நானும் ஒருவன். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.