பழமை பேசுதல்

'பழமை' என்றவுடன் அகராதி முதலில் காட்டும் பொருள் தொன்மை. சேலம், நாமக்கல் சமவெளியின் கொங்குத் தமிழில் அதற்குப் பேச்சு என்றும் பொருள் உண்டு. திண்ணையில் இருவர் அளவளாவிக்கொண்டிருந்தால் "பழமை பேசுகிறார்கள்" என்பது இங்கு இயல்பான வழக்கு.

பெரியோர் பழங்கதை பேசுவதிலிருந்து இப்பொருள் பிறந்தது எனச் சொல்லிவிடலாம். ஆனால் அன்று காலை நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் விற்ற விலையைப் பேசினாலும் அது பழமைதான். பேசப்படும் செய்தி பழையதாக இருக்கவேண்டியதில்லை. பேசுவோரின் உறவே பழையது. பழகு, பழக்கம், பழமை ஆகியவை ஓரினச் சொற்கள். திருக்குறளின் 81ஆம் அதிகாரத்திற்குப் 'பழைமை' என்று பெயர். அது நெடுநாள் நட்பின் உரிமையைக் கூறுவது. பழகியவர் பேச்சே பழமையாயிற்று என்று கொள்வதே பொருத்தம்.

ஆங்கிலத்தின் 'கான்வர்சேஷன்' என்னும் சொல்லும் இதே வழியில் நடந்துவந்திருப்பது வியப்பைத் தருகிறது. அதன் இலத்தீன் மூலத்துக்குப் பிறரோடு கூடி வாழ்தல், பழகுதல் என்பதே பொருள். பேச்சு என்னும் பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாகத் தோன்றியது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலோ அச்சொல் இன்னும் நடத்தை, வாழ்முறை என்ற பழைய பொருளிலேயே நிற்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகள், கூடி வாழ்வதிலிருந்தே பேச்சுக்குப் பெயர் எடுத்திருக்கின்றன. 'சாட்' என்பதற்கு இந்த ஆழம் இல்லை. பறவைகளின் கீச்சொலியைப் போலச் செய்த சொல்லின் குறுக்கம் அது. நம் 'அரட்டை'யிலும் சிறிது இகழ்ச்சி ஒட்டியிருக்கிறது. ஈழத்தார் 'கதைத்தல்' என்பர். அது கதையிலிருந்து வந்தது. 'உரையாடல்' பொதுத்தமிழுக்கு உரிய நல்ல சொல்லே. எனினும் முன்பின் அறியாத இருவர் மேடையில் பேசினாலும் அது உரையாடல், பழமை ஆகாது.

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இலேயே கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தது. திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வெளிவந்தது. உரைநடை இவ்வாறு துணிந்த இடத்தில் இவ்வட்டாரக் கவிஞர் பலர் தயங்குகின்றனர். வீட்டில் பழமை பேசிவிட்டுத் தாளில் உரையாடல் என்று எழுதுகின்றனர். அத்தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை: "இருவரும் பழமை பேசினர்" என்று ஓர் அடி அமைந்தால், சென்னை வாசகர் அவர்களைப் பழமைவாதிகள் என்று எண்ணக்கூடும். இராசிபுரத்து வாசகருக்கோ அவர்கள் நெடுநாள் பழகியவர்கள் என்பதும் சேர்ந்தே விளங்கும். அந்த இரண்டாவது செய்தியைச் சொல்ல உரையாடலுக்கு இன்னும் ஓர் அடி வேண்டும்.