கணக்குப்பிள்ளையும் கடவுச்சொல்லும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கணக்கு என்றதும் இரயில்வே ரசீதுகளைப் பற்றிப் பேசப் போகிறோமென்று அஞ்ச வேண்டாம். நம்மிடையே கடை நடத்துவோரும் உளர். கடைகளில் கணக்கெழுதுவோரும் உளர். இரு சாராருக்கும் உரிய செய்தி இது.

எங்கள் சிற்றப்பா மகன் செகந்திராபாத்தில் ஓர் இரும்புச் சாமான் கடைக் கணக்குப்பிள்ளை. முதலாளி தம் வங்கிக் கடவுச்சொல்லையும், ஓ.டி.பி. வரும் கைப்பேசியையும் அவனிடமே ஒப்படைத்திருந்தார். எங்களுக்கும் அது பெருமையாகவே இருந்தது. ஒரு நாள் 40,000 ரூபாய் குறைந்தது. முதலாளியின் பெயரில் நுழைந்து பணம் அனுப்பப்பட்டது என்று மட்டுமே வங்கி ஏடு கூறிற்று. அழுத்திய விரல் எவருடையது என்று அது எங்ஙனம் கூறும்? பதினொரு நாள் அவன் சரியாகச் சோறு உண்ணவில்லை. பணம் சென்ற இடத்தில் விசாரித்த பின்னரே, முதலாளியின் மகன் மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டியது வெளிப்பட்டது. கடவுச்சொல் பேரேட்டின் பின்னட்டையிலும், கைப்பேசி மேசை இழுப்பறையிலும் கிடந்தனவாம்!

ஒற்றைப் பாதையில் டோக்கன் கருவியைக் கண்டோர் இங்குப் பலர். அடுத்த நிலையத்தார் மின்வழி இசைந்தாலன்றி இந்நிலையத்துக் கருவியிலிருந்து உருண்டை வெளிவராது. வங்கிகளும் வணிகக் கணக்குகளுக்கு அத்தகைய ஏற்பாட்டைத் தருகின்றன. கணக்குப்பிள்ளைக்குத் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கேட்டுப் பெறலாம். பார்வையிட மட்டும் உரிமை தரலாம். அல்லது செலுத்துப் பட்டியலை அவர் ஆயத்தம் செய்ய, முதலாளி ஒப்புதல் தந்த பின்னரே பணம் நகருமாறு செய்யலாம். தொகைக்கு வரம்பும் விதிக்கலாம். பணம் பெறுவோரின் பெயரைப் புதிதாகச் சேர்க்கும் உரிமையை மட்டும் முதலாளி தம்மிடமே வைத்துக்கொள்வது நலம் என்பது எங்கள் கருத்து. கணக்குப்பிள்ளை வேலையை விட்டால் அன்றே அவர் பெயரை நீக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

கடவுச்சொல்லைப் பகிர்ந்ததால் நேரும் இழப்பு, வங்கிக்கு அறிவிக்கும் வரை வாடிக்கையாளரையே சாரும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று அறிவித்தது.

நம் ஐதராபாத்தின் சத்யம் நிறுவனத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2009 ஜனவரி 7 அன்று வெளிவந்த தலைவரின் கடிதம், ஏட்டில் இருந்த ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,040 கோடி ரூபாய் மெய்யன்று என்றது. அங்குப் பிழை மேலிடத்தில். கணக்குப்பிள்ளையைச் சொல்லிப் பயனில்லை. எனினும் வங்கி இருப்பைக் காகிதத்தில் காண்பது வேறு, வங்கியிலேயே காண்பது வேறு என்பதை அது காட்டிற்று. ஆடிட்டருக்குப் பார்வையிடும் உரிமை தருவதும் இதற்காகவே.

எங்கள் தம்பி இன்றும் அதே கடையில்தான் இருக்கிறான். மாலை நான்கு மணிக்குப் பட்டியலை அனுப்பிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்கிறான். முதலாளி உறங்கிவிட்டால் லாரிக்காரர் வாசலில் நின்று சத்தமிடுகிறார். இவனோ, “ஐயா எழுந்ததும் வரும்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் அருந்தப் போய்விடுகிறான்.