திறைசேரி யார் வீட்டு உண்டியல்?



2022இல் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம்வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய்க் கலனோடு வெயிலில் வரிசையில் நின்றோம். ஜூலை 9இல் சனம் கொழும்பு ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 69 இலட்சம் வாக்கு வாங்கிய ஜனாதிபதி கோட்டாபய, மாலைதீவுக்கு ஓடி, சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதம் அனுப்பினார்.

துரத்தியது சனம். அடுத்தவரைத் தெரிவு செய்தது யார்? 2020இல் கோட்டாபயவின் அலையில் வந்த அதே நாடாளுமன்றம்! 134 வாக்கில் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதி ஆனார்.

அந்த அரசு எதற்கு அஞ்சியது? உங்கள் பிரதேச சபைத் தேர்தலுக்கு! 2023 மார்ச் 9 என்று நாள் குறித்தாயிற்று. வேட்புமனு கொடுத்தாயிற்று, கட்டுப்பணமும் கட்டியாயிற்று. திறைசேரி கையை விரித்தது: காசில்லை! வேட்புமனு போட்ட அரச ஊழியர் வேலையும் இல்லாமல் சபையும் இல்லாமல் தவித்தனர். தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2024 ஆகஸ்ட் ஆயிற்று.

காசில்லையாம்! சோலைவரி வாங்காமல் விட்டார்களா? ஒழுங்கையில் விளக்கு எரியவில்லை, மதகு அடைத்து வெள்ளம் வீட்டுக்குள் வருகிறது என்றால் கேட்க ஓர் உறுப்பினர் இருந்தாரா? தவிசாளர் கதிரை வெறுமை. கையெழுத்து மட்டும் செயலாளருடையது.

பிறகு 2024 நவம்பர் 14, நாடாளுமன்றத் தேர்தல். தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனம். யாழ்ப்பாண மாவட்டத்திலும் ஆறில் மூன்றைக் கொடுத்தோம். மாற்றம் வரும் என்று கொடுத்தோம். 2025 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் மன்னாருக்கு வந்து அந்தக் கட்சியின் ஜனாதிபதி என்ன பேசினார்? சபை தங்கள் கட்சியிடம் இருந்தால் நிதி உடனே வருமாம். மற்றவர் கையில் இருந்தால் பலமுறை ஆராய்ந்த பிறகுதானாம்!

ஜனாதிபதி அவர்களே, 2023இல் தேர்தலை நடத்து என்று வீதியில் இறங்கியவர்கள் நீங்கள். அன்று காசில்லை என்று வாக்கைத் தடுத்தார்கள். 2025இல் காசு தருகிறோம் என்று நீங்கள் வாக்கை வளைத்தீர்கள். பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் 18 வீத வற் கட்டுகிறவர்கள் நாங்கள். அதில் எங்களுக்கு வருவது சலுகையா?

அடுத்த உள்ளூராட்சித் தேர்தலிலும் வாக்களிக்கப் போங்கள். சபையில் எழுந்து கணக்குக் கேட்கக்கூடியவர் உங்கள் வட்டாரத்தில் யார் என்று பார்த்துப் போடுங்கள். நிதி வராது என்று மிரட்டி வாக்குக் கேட்டு வருபவரிடம் படலையிலேயே சொல்லுங்கள்: நிதியும் எங்கள் உரிமை, சபையும் எங்கள் உரிமை. ஒன்றை விற்று மற்றதை வாங்க மாட்டோம்!