வலையை அறுத்தவர்கள்



நம் அரவணைப்பு அதிகம் தேவைப்படுவது வாத்துக்கா, சுறாவுக்கா? எனக்கு முன்னால் பேசிய அம்மா, வேடந்தாங்கலுக்கு வருகிற தட்டைவாயன் வாத்தைக் காட்டி, "பாவம், அரைக் கிலோ சொச்சம்தான். அவ்வளவு பெரிய சுறாவுக்கு யார் தயவு வேணும்?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிட்டாங்க.

அம்மா, நான் பேசுவது திமிங்கிலச் சுறாவைப் பற்றி. 18 மீட்டர் வரை வளரும். டவுன் பஸ் ஒன்றரை நீளம். பயப்படாதீங்க, ஆளைத் தின்னாது. உங்க வாத்து செய்கிற தொழிலைத்தான் அதுவும் செய்யுது! தட்டைவாயன் அகப்பை மாதிரி அலகைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி நுண்ணிய தகடுகள். தண்ணீர் வெளியே போகும், பூச்சி உள்ளே நிற்கும். சுறாவும் வாய் நிறையக் கடல்நீரை வாங்கி, செவுளில் உள்ள சல்லடையில் வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. ரெண்டு வீட்டிலும் டீ வடிகட்டிதான் அடுப்படி! (சிரிப்பு)

தொழில் ஒன்று; ஆபத்து ஒன்றா? வாத்து ஒரு வயதிலேயே ஜோடி சேரும். ஆபத்து என்றால் ஜிவ்வென்று பறந்துவிடும். இந்தச் சுறா பருவமடையவே 25 ஆண்டு, அதற்கு மேலும் ஆகும். 1995-இல் தைவான் அருகே பிடிபட்ட ஒரு தாய்ச் சுறாவின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள். "300 பெத்தா என்ன குறைச்சல்?" என்று எதிரணி கேட்கும். தாயே போன பிறகு 300 எங்கே ஐயா?

குஜராத்தில், வேராவல் பக்கம், கல்லீரல் எண்ணெய்க்காக இதை வேட்டையாடினார்கள். அந்த எண்ணெய் பூசினால் படகில் தண்ணீர் இறங்காது. 2001-இல் சட்டம் தடுத்தது. சட்டம் போதுமா? ஹெல்மெட்டுக்கும்தான் சட்டம் இருக்கு! (சிரிப்பு) 2004-இல் ராமகதை சொல்லும் மொராரி பாபு மீனவர்களிடம், இது பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மகள் என்று எடுத்துச் சொன்னார். அவ்வளவுதான். சுறா சிக்கினால் தங்கள் வலையைத் தாங்களே அறுத்து விட்டார்கள். நூற்றுக்கணக்கில் தப்பின. (கைதட்டல்) அரசு வலைக்கு நட்டஈடு கொடுத்தது, உண்மை. அன்றைக்குப் போன மீன்பாட்டை யார் கொடுப்பா?

வேடந்தாங்கல் மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியை விட்டவர்கள்; கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நடுவர் அவர்களே, வெடி வாங்காவிட்டால் காசு மிச்சம். வலையை அறுத்தால் அடுப்பு எரியாது. அதிகம் கேட்கிற பிள்ளை சுறாதான் என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.