வேலிக்கால் நடும் முன்னே டேப் பிடிப்போம்

(விம்கோ நகரில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கத்து கிராமங்களில் இருந்து காலையிலேயே ரயில் பிடித்து வந்திருக்கிறீர்கள். எண்ணூர் குப்பங்களில் இருந்து வந்தவர்கள் மீன் ஏலத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

குழுக்களைப் பார்க்க வரும்போதெல்லாம் கடன், தவணை, பதிவேடு பற்றித்தான் கேட்பீர்கள் என்று நினைத்து வருவோம். இப்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "மேடம், வேலி போடலாமா, சுவர் எழுப்பலாமா?" என்று கேள்வி வருகிறது. காரணம் புரிகிறது. தீப்பெட்டிக் கம்பெனி பெயரால் வந்த ஊர் இந்த விம்கோ நகர். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் இங்கே வரைக்கும் வந்தது. இடத்துக்கு மதிப்பு கூடியது. முன்னே அரை அடியைப் பெரிதாக நினைக்காதவர்கள் இன்றைக்கு அரை அடிக்காக வாசலில் நின்று சத்தம் போடுகிறார்கள். கிராமத்திலும் ரியல் எஸ்டேட் கல் நட ஆரம்பித்ததில் இருந்து இதே கதைதான்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம், அதில் எங்கள் தப்பும் இருக்கிறது. ஒரே குழுவில் இரண்டு உறுப்பினர்கள், பக்கத்துப் பக்கத்து வீடு. ஊரும் பெயரும் வேண்டாம். ஒருவர் காம்பவுண்டு சுவர் கட்ட உள்கடன் கேட்டார். குழுவில் தீர்மானம் போட்டார்கள், "வீட்டுப் பராமரிப்பு" என்று எழுதினார்கள், நாங்களும் பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். எல்லை எது, மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகும் என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. மேஸ்திரி வந்தார், பழைய ஓலை வேலி இருந்த வரிசையிலேயே நூல் பிடித்தார், ஐந்தடிக்கு சுவர் எழும்பியது. தண்ணி போக ஒரு துவாரம்கூட விடவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோர் வீட்டிலும் தண்ணி நின்றது. அதற்கு முன்னெல்லாம் பக்கத்து வீட்டுத் தண்ணி ஓலை வேலிக்கு அடியில் புகுந்து தெருவுக்குப் போய்விடும். இந்த முறை சுவர் மறித்துக்கொண்டது. அந்த அம்மா மாவு அரைத்து விற்பவர். குழுக் கடனில் வாங்கிய கிரைண்டர். மோட்டார் மூழ்கிப் போனது. கடனில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. "அவ சுவரு கட்டுறதுக்கு நானும்தானே கைநாட்டு வெச்சேன்" என்று அவர் அழுததை நாங்கள் மறக்கவில்லை. இரண்டு பேரும் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். அடுத்த மாதம் ஆளுக்கு ஒரு பக்கமாக மற்றவர்களும் பிரிந்தார்கள். பத்து வருஷக் குழு, சந்தா நின்றது.

அப்புறம்தான் அளந்தோம். சர்வேயர் கல்லைத் தேடிப் பிடித்து அளந்தால், சுவர் கோணலாக ஓடியிருக்கிறது. முன்பக்கம் ஒன்பது அங்குலம் பக்கத்து வீட்டுக்குள்ளே. பின்பக்கம் ஒரு அடி தன்னுடைய இடத்தையே வெளியே விட்டிருக்கிறார்! கடன் வாங்கி சுவர் கட்டி, சண்டையும் போட்டு, சொந்த இடத்தை விட்டதுதான் மிச்சம். பழைய வேலி எல்லை ஆகாது. அது யாரோ ஒருகாலத்தில் கை போன போக்கில் கட்டியது.

ஆக, "எல்லையை எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்ற கேள்விக்கே அதிக நேரம் எடுத்துக்கொள்கிறோம். கையில் இருக்க வேண்டியது இரண்டு காகிதம். ஒன்று பட்டா. இன்னொன்று புலப்படம். உங்கள் சர்வே எண்ணின் படம், ஒவ்வொரு பக்கத்துக்கும் நீளம் போட்டிருக்கும். கிராமத்து நிலத்துக்கு இரண்டையுமே அரசின் இணையதளத்தில் எடுக்கலாம், இ-சேவை மையத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். நகரப் பகுதிக்கு நகர நில அளவைப் பதிவேடு தனி, அதையும் கேட்டு வாங்குங்கள். படத்தில் அளவு மீட்டரில் இருக்கும். நம் கையில் இருப்பது அடி டேப். ஒரு மீட்டர் என்பது 3.28 அடி. 12 மீட்டர் என்று போட்டிருந்தால் 39 அடிக்குக் கொஞ்சம் மேலே. இந்தக் கணக்கை வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் கொடுங்கள், நிமிஷத்தில் போட்டுத் தருவார்கள்.

படத்தில் இருக்கிற மூலைகளில் கல் இருக்கிறதா என்று பாருங்கள். மண் மூடியிருக்கும், மாட்டுக் கொட்டகைக்கு அடியில் போயிருக்கும், சில வீட்டில் துணி துவைக்கிற கல்லாகவே ஆகியிருக்கும் (சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறோம்). 1923-ம் வருஷத்து நில அளவை, எல்லைகள் சட்டப்படி நம் நிலத்தில் இருக்கிற அளவைக் கல்லைப் பாதுகாப்பது நம்முடைய பொறுப்பு. பிடுங்கிப் போடுவது குற்றம். கல் காணவில்லை, அல்லது பக்கத்து வீட்டாருக்கு சம்மதமில்லை என்றால் அளந்து காட்டச் சொல்லி முறைப்படி விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி சர்வேயரை வரவழையுங்கள். அளக்கிற அன்றைக்குப் பக்கத்து வீட்டார் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் இல்லாத நாளாகப் பார்த்து அளந்தால் அந்த அளவு காகிதத்தில் சரியாக இருக்கும், தெருவில் செல்லாது.

"அவங்க அரை அடி உள்ள வந்துட்டாங்க, போகட்டும்னு விட்டுடலாமா?" என்று ஒரு அக்கா கேட்டார். விட்டுக்கொடுப்பது உங்கள் மனசு. ஆனால் தெரிந்து விட்டுக்கொடுங்கள். 12 வருஷத்துக்கு மேல் ஒருவர் வெளிப்படையாக, தன்னுடையது என்று சொல்லி அனுபவித்து வந்தால், பிறகு மீட்பது கஷ்டம். எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டால் நாளைக்குப் பிள்ளைகள் காலத்தில் பேச்சு வராது. இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலிக்குக் கடன் கட்டுவது நீங்கள், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? போன மாதம் ஒரு கூட்டத்தில் கேட்டோம், பாதிப் பேருக்குத் தெரியவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

குப்பத்து சகோதரிகள் பலருக்குத் தனிப் பட்டாவே இல்லை, கடற்கரைப் புறம்போக்கு. அங்கே செங்கல் சுவரில் பணத்தைப் போடாதீர்கள் என்பதுதான் எங்கள் யோசனை. கடலோரத்துக்கு விதிமுறைகள் வேறு இருக்கின்றன. பிடுங்கி நடக்கூடிய சவுக்குக் கம்பு வேலி போதும். பழைய வலையைக் கட்டுகிறீர்கள், கோழிக்கு நல்ல தடுப்புதான். ஆனால் வலையில் பாம்பு மாட்டிக்கொள்ளும். தரையில் புரளவிடாமல் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள், காலையில் கை வைக்கும் முன்னே பாருங்கள்.

சரி, எல்லை தெரிந்துவிட்டது. என்ன வேலி? இங்கே கடல் பக்கம். உப்புக் காற்று இரும்பை விடாது. இரும்பு ஆங்கிள் நட்டால் முதலில் மண்ணும் காற்றும் சேருகிற இடத்தில்தான் துரு தின்னும். மேலே பார்க்க நன்றாக இருக்கும், ஒருநாள் சாய்ந்துவிடும். கருங்கல் காலோ சிமெண்ட் காலோ நல்லது. கம்பி வலை போட்டால் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாகக் கேளுங்கள், விலை கூடினாலும் உழைக்கும். மணல் பூமியில் குழி ஆழமாக வேண்டும், இரண்டடிக்குக் குறைந்தால் காற்றுக்கு நிற்காது. 2016 டிசம்பரில் வர்தா புயலில் தகரத் தடுப்புகள் எப்படிப் பறந்தன என்று பார்த்தவர்கள்தானே நாம்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, கிராமக் கணக்கில் ஐந்தரை சென்ட். நாற்பதுக்கு அறுபது என்றால் சுற்றளவு 200 அடி. எட்டடிக்கு ஒரு கால் என்றால் 25 கால். மூன்று வரிசை முள்கம்பி 600 அடி, கட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். இதை வைத்துக்கொண்டு கடையில் விலை கேளுங்கள். "மொத்தமா இவ்ளோ ஆகும்மா" என்று சொல்கிறவரிடம் எத்தனை கால், எத்தனை அடி என்று திருப்பிக் கேளுங்கள். பொதுப் பக்கத்து வேலிக்கு இருவரும் பாதிப் பாதி போட்டால் எவ்வளவு என்றும் அப்போதே பேசிவிடுங்கள், வேலை முடிந்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

எங்களைக் கேட்டால், கிராமத்தில் இருக்கிறவர்களுக்கு உயிர்வேலிதான் முதல். நம் பாட்டிகள் வைத்ததுதானே. கிளுவைப் போத்து நெருக்கி நட்டால் முள்ளோடு அடைத்துக்கொள்ளும், வெட்டுகிற தழை ஆட்டுக்கு ஆகும். நொச்சி குச்சி வைத்தாலே பிழைக்கும், சளி பிடித்தால் ஆவி பிடிக்க இலை கையிலேயே இருக்கும். ஆடாதொடையை ஆடு தொடாது, பேரிலேயே இருக்கிறது. மருதாணி வரிசை வைத்தவர்கள் பண்டிகை நேரத்தில் இலை விற்கிறார்கள். பூவரசு உப்புக் காற்றுக்கு அசராது, போத்து வைத்தே வளர்க்கலாம். முருங்கையை வேலியோரம் வைக்கலாம், ஆனால் காற்றுக்கு முறியும், கூரையை ஒட்டி வேண்டாம். ஒடித்து வளர்க்கச் சொன்ன மரம் அது. (அந்தப் பழமொழியின் மறுபாதியை, பிள்ளையை அடிக்கிறதை, நாம் விட்டுவிடுவோம்.) புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். முதல் வருஷம் ஆட்டுக்குக் காவல் வேண்டும், ஒரு வரிசை கம்பியோ முள்ளோ போட்டுக் காப்பாற்றுங்கள். அரை அடிக்கு ஒன்று என்றால் 200 அடிக்கு 400 போத்து. காசு கொடுத்து வாங்க வேண்டாம். குழுவில் யார் வேலி அடர்ந்திருக்கிறதோ அவர்கள் வெட்டிக் கொடுத்தால் போதும்.

சீமைக் கருவேலம் மட்டும் வேண்டாம். முள் நன்றாக இருக்கிறது, விறகும் ஆகிறது, உண்மைதான். ஆனால் காயை ஆடு தின்று போகிற இடமெல்லாம் புழுக்கையில் விதை போகும். மூன்று வருஷத்தில் வேலி தோட்டத்துக்குள் வந்துவிடும். அரளியும் ஆடு மாடு உள்ள வீட்டில் கூடாது, விஷம்.

நிலக்கடலைக்குப் பன்றி வருகிறது, கம்பியில் கரண்ட் விடலாமா என்று ஒரு ஊரில் கேட்டார்கள். கூடவே கூடாது. வீட்டு லைனில் இருந்து கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது சட்டவிரோதம், உயிர் போகும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. யானைக்கே அந்தக் கதி என்றால் தண்ணி பாய்ச்சப் போகிற நமக்கு?

கடைசியாக வாசல். வீடு கட்டினதும் முன்னாடி முழுக்க சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டுகிறோம், கூட்ட சுலபம் என்று. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், அப்போது வைத்த குழாயும் தொட்டியும் இன்றைக்கு எத்தனை வீட்டில் வேலை செய்கிறது? மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்தண்ணி உள்ளே ஏறிவிட்டது என்பது உங்கள் போர் தண்ணியை வாயில் வைத்தாலே தெரியும். இறங்குகிற மழைத் தண்ணி ஒவ்வொரு குடமும் நமக்கு வேண்டும். கோலம் போட ஒரு பாய் அளவு சிமெண்ட் போதும். மிச்சத்தை மண்ணாக விட்டு ஒரு கறிவேப்பிலை, ஒரு வாழை, பாத்திரம் கழுவுகிற தண்ணி போகிற இடத்தில் கொஞ்சம் சேம்பு வைக்கலாம். சுவர்தான் வேண்டும் என்கிறவர்கள் தரை மட்டத்தில் தண்ணி போகத் துவாரம் விடுங்கள், கேட் தெருப் பக்கம் திறக்காமல் உள்பக்கம் திறக்கட்டும். நகரத்தில் இருப்பவர்கள் திருவொற்றியூர் மண்டல அலுவலகத்தில் அனுமதி தேவையா என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். சுவரின் முன்பாதியை இடித்தார்கள். அளந்த வரிசையில் இரண்டு அடிச் சுவர், அடியில் நான்கு துவாரம், மேலே கம்பி வலை. செலவில் ஒரு பங்கைக் குழு ஏற்றது, கிரைண்டர் பாக்கிக்குத் தவணையை நீட்டிக் கொடுத்தோம். இப்போது இருவரும் கூட்டத்துக்கு வருகிறார்கள். எதிர் எதிராக உட்காருகிறார்கள். முன்னே போல ஒன்றாக டீ குடிப்பதில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் பட்டா நகலும், கிடைத்தால் புலப்படமும் கொண்டுவாருங்கள். எங்கள் குழுவில் ஒருவர் டேப்போடு இருப்பார், படம் பார்க்கச் சொல்லித் தருவோம். வேலிக்கு, சுவருக்கு உள்கடன் கேட்கிறவர்களின் தீர்மானத்தில் இனி "எல்லை அளந்து பார்த்தோம், பக்கத்து வீட்டார் இருந்தார்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கூட்டமைப்பில் முன்வைக்கிறோம். சம்மதமா, வேண்டாமா என்று உங்கள் குழுவில் பேசி எழுதி அனுப்புங்கள். கிளுவைப் போத்து தரக்கூடியவர்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள்.