தமிழில் பிறக்கட்டும் பாடநூல்

1980ஆம் ஆண்டு முதல் இலங்கை அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகிறது. ஒட்டுசுட்டானில் கூலி வேலை செய்பவரின் பிள்ளையும் கொழும்பில் வைத்தியரின் பிள்ளையும் ஒரே பாடத்தைப் படிக்க வழிசெய்த கொள்கை அது. ஆனால் பாடத்திட்டத்தைத் தேசிய கல்வி நிறுவகமும், நூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் தீர்மானிக்கையில், அங்கே விழும் ஒரு பிழை எல்லா வகுப்பறைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பல நூல்கள் முதலில் சிங்களத்தில் எழுதப்பட்டுப் பிறகே தமிழாகின்றன. மூலத்தின் வசன அமைப்பு தமிழிலும் தங்கிவிட்டால், பிள்ளை விஞ்ஞானத்தோடு மல்லுக்கட்டுமுன் வசனத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பரீட்சை நாடு முழுவதற்கும் ஒன்றுதானே, நூலும் ஒன்றாக இருந்தால்தானே நீதி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாடத்திட்டம் ஒன்றாகவே இருக்கட்டும். வசனமும் உதாரணமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. நீர்ப்பாசனத்தை விளக்க இரணைமடுக் குளத்தைக் காட்டினால் கிளிநொச்சிப் பிள்ளைக்குப் பாடம் கண்முன்னே விரியும். தமிழில் நேரடியாக எழுதச் செலவு கூடும் என்பதும் உண்மை. ஆனால் மேலதிக வகுப்புக்கும் நூலகத்துக்கும் வெகுதூரம் போகவேண்டிய வன்னிக் கிராமங்களில், பாடநூல்தான் பிள்ளையின் இரண்டாவது ஆசிரியர். தமிழ் ஆசிரியர்களைத் தொடக்கத்திலேயே எழுத்துக் குழுவில் அமர்த்துவது சலுகை அன்று. இலவசக் கல்வி என்ற வாக்குறுதியை முழுமையாக்கும் கடமை.