பேட்டிப் பதிவுக்கு எந்தக் கருவி?

கள ஆய்வுக்குக் கிளம்பும் மாணவர்கள் முதலில் கேட்பது, "எந்த ரெக்கார்டர் வாங்கலாம்?" என்பதைத்தான். மைக்கை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பேசுபவரின் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். மின்விசிறியின் இரைச்சலும் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியும் அப்படியே இருக்கும். அறை நடுவே மேசையில் வைத்த விலையுயர்ந்த ரெக்கார்டரைவிட, நெஞ்சருகே குத்திய சாதாரணக் காலர் மைக் தெளிவாகப் பதியும் என்பது இதனால்தான்.

திண்ணையில் ஒரு பாட்டி நாற்று நட்ட காலத்துக் கதை சொல்கிறார் என்று வையுங்கள். சேலைத் தலைப்பு மைக்கில் உரசும். கையை வீசிப் பேசும்போது வளையல் குலுங்கும். ரெக்கார்டர் இருக்கும் பலகையில் யாராவது காபி டம்ளரை வைத்தால் இடி விழுந்ததுபோல் பதிவாகும். அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டாலே அந்த அதிர்வு பெரிதும் அடங்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் நமக்கு இவை எதுவும் உறைக்காது. பழகிய சத்தத்தை மனம் ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது. ஆகவே முதல் சில நிமிடமாவது ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள்.

ஒலி அளவை, உரத்த சொல்லும் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். உச்சியில் முட்டி உடைந்த குரலைச் சரியாக மீட்க முடியாது. தானாக அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். பாட்டி யோசிக்க நிறுத்தும்போதெல்லாம் அது மின்விசிறியைத் தூக்கிக் கொடுக்கும். இப்போது வரும் 32 பிட் ஃப்ளோட் கருவிகள் அளவுக் கவலையைப் பெரிதும் குறைக்கின்றன. தூரத்தில் வைத்த மைக்கை அவையும் காப்பாற்றாது.

கோப்பு வடிவத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: வேவ், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். காது கவனிக்காது என்று கணித்த ஒலிகளை எம்பி3 நீக்கிவிடுகிறது, நீக்கியது திரும்பாது. கேட்டு எழுதிக்கொள்ள மட்டும் என்றால் எம்பி3 தாராளமாகப் போதும். ஆனால் நாளை ஒருவர் அதே பேட்டியில் அந்த வட்டாரத்தின் லகர, ளகர, ழகர உச்சரிப்பை அளந்து பார்க்க விரும்பலாம். மோனோவில் ஒரு மணி நேரம் சுமார் 520 எம்பி. 32 ஜிபி கார்டில் ஏறக்குறைய 60 மணி நேரம் அடங்கும். இடம் போதாது என்ற சாக்கு இனி செல்லாது. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வாங்கியதை மூலப் பதிவாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

மொழியியலாளர் கிரியர்சனின் இந்திய மொழிகள் ஆய்வுக்காக 1913 முதல் 1929 வரை கிராமபோன் தட்டுகளில் பதிந்த குரல்களை இன்று இணையத்தில் கேட்க முடிகிறது. தட்டுகளைப் பாதுகாத்து வைத்ததால் கிடைத்த பலன் அது. உங்கள் பதிவும் அப்படிப் பயன்பட, பேட்டியின் தொடக்கத்தில் பெயர், ஊர், தேதி, பேசுபவரின் சம்மதம் ஆகியவற்றைக் குரலிலேயே பதியுங்கள். அன்றிரவே இரண்டு பிரதி எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

களத்துக்குப் போகுமுன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிப் பதிந்து கேளுங்கள். தெளிவாக இருந்தால் கையில் இருக்கும் ரெக்கார்டரே போதும். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல மைக்கும் இன்னொரு ஹார்ட் டிஸ்கும் வாங்குங்கள்.